தகரத்துக்கு வேர்க்கும்

அதிகாலை நாலு மணி இருக்கும். நெற்றியில் ஒரு சொட்டு விழுந்தது. துடைத்துவிட்டுத் திரும்பிப் படுத்தேன். காதில் இன்னொன்று. டார்ச்சை எடுத்து மேலே அடித்துப் பார்த்தால், கூரை ஷீட்டின் அடிப்பக்கம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். ஷீட்டைத் தாங்கும் குறுக்குச் சட்டங்களான பர்லின்களின் கீழ் விளிம்பில் வரிசையாகத் தொங்கி, பக்கத்துச் சொட்டோடு சேர்ந்து, கனம் தாங்காமல் விழுந்துகொண்டிருந்தது. கூரை ஒழுகுகிறது என்று நினைத்து வெளியே போனேன். வானம் முழுக்க நட்சத்திரம். மழை பெய்து பத்து நாள் ஆகியிருந்தது.

அப்போது அறை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. 60 அடி நீளம், 30 அடி அகலத்தில் ஓர் இரும்பு ஷெட். ஓரத்தில் 14 அடி உயரம், முகட்டில் 18. முன்பக்கம் என் மரவேலைப் பட்டறை. பின்மூலையில் ஒரு பிளைவுட் தடுப்பு, அதற்குப் பின்னால் ஒரு கட்டில். வேலை நீளும் நாட்களில் அங்கேயே படுத்துவிடுவேன். அந்த மூலையை ஒழுங்கான ஒரு சின்ன வீடாக மாற்றிவிட்டால் என்ன என்ற ஆசை ஏற்கெனவே இருந்தது. கூரை இருக்கிறது, சுவர் இருக்கிறது, தரை இருக்கிறது, பாதி வீடு தயார் என்று நினைத்தேன். அந்தக் கணக்குத்தான் தப்பு.

காலையில் ஷெட் போட்டுக் கொடுத்த அண்ணனுக்கு போன் போட்டேன். "ஒழுகல தம்பி, தகரம் வேர்க்குது" என்றார். "நீ உள்ள படுக்க ஆரம்பிச்சதும் அதிகமாயிருக்கும் பாரு."

அவர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. 25 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்றால் சுமார் 23 கிராம் நீராவியை வைத்துக்கொள்ள முடியும். 15 டிகிரிக்கு இறங்கினால் 13 கிராம்தான். மிச்சம் எங்கே போகும்? கிடைக்கிற குளிர்ந்த பரப்பில் தண்ணீராகப் படியும். அரை மில்லிமீட்டர் ஷீட் ஒரு சதுர மீட்டருக்கு நாலு கிலோகூட இருக்காது. சூட்டைப் பிடித்துவைக்க அதில் சரக்கே இல்லை. மேகமில்லாத இரவில் அது தன் வெப்பத்தை நேராக வானத்துக்குக் கொடுத்துவிட்டு, சுற்றியிருக்கும் காற்றைவிடச் சில டிகிரி கூடுதலாகவே குளிர்ந்துவிடுகிறது. அதனால்தான் நட்சத்திரம் நிறைந்த இரவில் சொட்டு அதிகம், மேகமூட்டமான இரவில் குறைவு. தூங்குகிற ஆள் மூச்சிலும் தோலிலுமாக ராத்திரி முழுக்க கால் லிட்டருக்குக் குறையாமல் தண்ணீரைக் காற்றில் விடுகிறான். கான்கிரீட் தளம் தன் பங்குக்கு ஓதத்தை மேலே அனுப்புகிறது. என் நெற்றியில் விழுந்ததில் பாதி நான் விட்ட மூச்சாகத்தான் இருக்கும்.

இது புரிந்த பிறகும் நான் செய்த முதல் வேலை தப்பான வேலை. பளபளவென்று ஒரு பக்கம் ஃபாயில் ஒட்டிய ஒரு அங்குல தெர்மாகோல் வாங்கி, கூரை ஷீட்டின் அடியில் பசை போட்டு ஒட்டினேன். பர்லின்களுக்கு நடுவே அளந்து வெட்டி, ஃபாயில் பக்கம் மேலே பார்க்கும்படி. இரண்டு மாதம் பிரமாதமாக இருந்தது. மத்தியான வெக்கை குறைந்தது, சொட்டு நின்றது. வருகிறவர்களிடமெல்லாம் அண்ணாந்து பார்க்கச் சொன்னேன்.

அப்புறம் ஒரு நாள் பகலில் ஒரு துண்டு தானாகக் கழன்று இழைப்புளி மேசைமேல் விழுந்தது. அது இருந்த இடத்தில் ஷீட் முழுக்க மாவு தூவியது போல வெள்ளை. நடுவில் காசளவுக்கு ஒரு பழுப்புப் புள்ளி. விரலால் தேய்த்தால் மாவு கையோடு வந்தது. வெள்ளைத் துரு. துத்தநாகப் பூச்சு, காற்றோட்டம் இல்லாமல் ஈரத்திலேயே கிடந்தால் இப்படித்தான் அரிக்கும். அது தீர்ந்ததும் அடியிலுள்ள இரும்பின் முறை. தெர்மாகோல் ஓரங்களில் நூலளவு இடைவெளி இருந்தாலே போதும், ஈரக்காற்று பின்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது. போன ஈரம் காய வழியில்லை. சொட்டு நிற்கவே இல்லை; என் கண்ணுக்குத் தெரியாத இடத்துக்குப் போயிருந்தது, அவ்வளவுதான்.

ஃபாயிலும் வீண். ஃபாயில் கதிர்வெப்பத்தைத் திருப்பியனுப்பும், ஆனால் அதற்கு முன்னால் காற்று இடைவெளி வேண்டும். ஷீட்டோடு ஒட்டிவைத்த ஃபாயில் இன்னொரு மெல்லிய தகடு, வேறொன்றும் இல்லை. மிச்சமிருந்த தெர்மாகோலில் ஒரு துண்டை வெளியே எடுத்துப் போய் நெருப்பில் காட்டினேன். உருகிச் சொட்டியபடியே எரிந்தது, கரும்புகை. மரத்தூளும் தின்னரும் இருக்கும் கூரைக்குக் கீழே இதைத் தலைக்கு மேல் ஒட்டிவைத்துத் தூங்கியிருக்கிறேன்.

நுரையை நேராக ஷீட்டில் பீய்ச்சிவிடலாமே என்று கேட்பவர்கள் உண்டு. பாலியூரித்தேன் நுரை இடைவெளியே இல்லாமல் ஒட்டிக்கொள்ளும் என்பது உண்மை, சொட்டும் நிற்கும். ஆனால் பின்னால் ஒரு ஸ்க்ரூ வாஷர் பழசாகி ஒழுகினால் எந்த இடத்தில் என்று கண்டுபிடிக்க முடியாது. ஷீட்டை மாற்ற வேண்டி வந்தால் பிரிக்கவும் முடியாது. அதுவும் எரியக்கூடியது, போர்டு போட்டு மூடியே ஆகவேண்டும். எனக்கு மனசு ஒப்பவில்லை.

இதையெல்லாம் பிய்த்துப் போட்ட வாரத்தில்தான் ஒரு பழைய கதை கண்ணில் பட்டது. நெளிதகடு புதுப் பொருள் இல்லை. லண்டன் துறைமுகக் கம்பெனியில் பொறியாளராக இருந்த ஹென்றி ராபின்சன் பால்மர் 1829-இலேயே அதற்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். துத்தநாகம் பூசும் முறைக்குப் பிரான்ஸில் 1837-இல் சோரெல் காப்புரிமை பெற்றார். ஆனால் தகரத்துக்குள் மனிதர்களைக் கூட்டம் கூட்டமாகத் தங்கவைத்தது முதல் உலகப்போர். 1916-இல் நிஸ்ஸன் என்ற ராணுவப் பொறியாளர் வடிவமைத்த அரைவட்டக் குடில்கள். அதில் என்னை நிறுத்திய விஷயம் ஒன்று உண்டு: வெளியே தகரம், உள்ளே தனியாக ஒரு உள்தோல், நடுவே இடைவெளி. அவசரத்தில் போட்ட ராணுவக் குடிலிலேயே மனிதன் தகரத்தோடு ஒட்டிப் படுக்கவில்லை.

சரி என்று முடிவு செய்தேன். ஷெட்டை வீடாக மாற்றப்போவதில்லை. ஷெட் ஒரு குடை. அதன் கீழே, அதைத் தொடாமல், தன் காலில் தானே நிற்கிற ஒரு அறை.

12 அடிக்கு 18 அடி. மூலையில் வருவதால் இரண்டு பக்கம் ஷெட்டின் சுவர். அந்த இரண்டு பக்கமும் ஒன்றரை அடி விட்டேன், ஒரு ஆள் பக்கவாட்டாக நுழைந்து போகிற அளவு. "தம்பி, இடத்தை வீணடிக்கிறே" என்றார் அண்ணன். கணக்குப் போட்டால் கிட்டத்தட்ட 47 சதுர அடி. 216 சதுர அடி அறைக்கு அது பெரிய தொகைதான். மூன்று அங்குலம் விட்டாலே காற்றோட்டத்துக்குப் போதும். ஆனால் மூன்று அங்குலச் சந்தில் என்ன நடக்கிறது என்று யார் பார்ப்பது? தெர்மாகோலுக்குப் பின்னால் பார்க்க முடியாமல் போன அனுபவம் புதிதாக இருந்ததால் நான் விட்டுக்கொடுக்கவில்லை.

முதலில் தரை. ஷெட்டுக்குத் தளம் போடும்போது அடியில் ஓதத்தடுப்பு ஷீட் போட்டார்களா என்று யாருக்கும் நினைவில்லை. இதைக் கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி இருக்கிறது. ஒன்றரை அடிச் சதுர பிளாஸ்டிக் ஷீட்டைத் தளத்தில் விரித்து, நாலு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் விட்டுவிட வேண்டும். மறுநாள் காலை பிரித்தபோது உள்பக்கம் ஈரம் கோத்திருந்தது, கான்கிரீட் கறுத்திருந்தது. அதனால் தளம் முழுக்க 250 மைக்ரான் பாலித்தீன், ஓரங்கள் ஓரடிக்கு மேலேறி மடித்து, அதன் மேல் சின்னக் கால்கள் வைத்த சட்டம், சட்டத்தின் மேல் சிமென்ட் போர்டு. கால்களின் உயரம் எல்லாம் ஒன்றில்லை. ஷெட் தளம், கழுவிவிட்டால் தண்ணீர் ஷட்டர் பக்கம் ஓடும்படி வாட்டம் விட்டுப் போட்டது. நிற்கும்போது தெரியாது. ரசமட்டம் வைத்துப் பார்த்தால் 18 அடிக்கு இரண்டு அங்குலம் இறக்கம். கட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்ததாக எனக்கு முன்பே தோன்றியிருந்தது. முதுகுதான் காரணம் என்று நினைத்திருந்தேன்.

சட்டத்துக்கு ஐம்பதுக்கு ஐம்பது மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாய், பாக்ஸ் பைப் என்பார்கள். மரக்காரன் ஏன் மரத்தில் செய்யவில்லை என்று கேட்பீர்கள். கரையானுக்குப் பயந்துதான். ஆனால் இரும்பு, சூட்டைத் தடுக்கப் போடும் ராக்வூல் என்ற பாறைப் பஞ்சைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வெப்பத்தைக் கடத்தும். பைப்புகளுக்கு நடுவில் மட்டும் ராக்வூலை அடைத்தால் ஒவ்வொரு பைப்பும் சூடு உள்ளே வருகிற பாலமாகிவிடும். அதனால் சட்டத்தின் வெளிப்பக்கமாக ஐம்பது மில்லிமீட்டர் ராக்வூல் பலகையை இடைவிடாமல் சுற்றிப் போர்த்தினேன், போர்வை மாதிரி. உள்ளே ஜிப்சம் போர்டு. இந்த வேலைக்கு முழுக்கைச் சட்டையும் முகமூடியும் அவசியம். முதல் நாள் நான் போடவில்லை. இரவெல்லாம் சொறிந்துகொண்டே இருந்தேன்.

நீராவித் தடுப்பு ஷீட்டை எந்தப் பக்கம் போடுவது என்று கேட்டால் ஆளுக்கொன்று சொல்வார்கள். சூடும் ஈரமும் எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம். குளிரூரில் அது அறையின் உள்பக்கம். வெளியே புழுக்கம், உள்ளே ஏசி ஓடுகிற இடத்தில் தலைகீழ், வெளிப்பக்கம். மாற்றிப் போட்டால் ராக்வூலுக்குள்ளேயே தண்ணீர் கோத்துக்கொள்ளும்.

கூரைக்கு வருவோம். அறைக்கு ஒன்பதடி உயரத்தில் அதன் சொந்த மேல்தளம். "பர்லின்ல கம்பி கட்டித் தொங்கவிட்டா அரை நாள் வேலை" என்று ஒருவர் சொன்னார். அரை நாள் வேலைதான். ஆனால் பர்லின் என்பது ஷீட்டையும் காற்றையும் தாங்கக் கணக்குப் போட்டுச் செய்த மெல்லிய தகடு. இரண்டு அடுக்கு ஜிப்சம் போர்டு, இந்த அளவு அறைக்கு 350 கிலோவுக்குக் குறையாது. பர்லினின் கீழ் உதட்டில் ஓட்டை போட்டு அதைத் தொங்கவிட்டால், பெருங்காற்று வரும் நாளில்தான் பதில் தெரியும். அதோடு மழைச்சத்தம் அந்தக் கம்பிகள் வழியாகவே இறங்கிவரும். ஆகவே மேல்தளத்தின் எடை முழுவதும் அறையின் சட்டத்தில், சட்டம் தரையில். அறைக்கு மேலே முகடு வரை திறந்த வெளி, முகட்டில் காற்றுப்போக்கி. சூடான காற்று அங்கே ஏறி வெளியே போய்விடுகிறது. இவ்வளவு உயரம் இருக்கிறதே, மேலே லாஃப்ட் போட்டுப் படுக்கலாமே என்று வந்தவர்களெல்லாம் கேட்டார்கள். பகல் இரண்டு மணிக்கு ஏணி வைத்து அவர்களையே ஏற்றிவிட்டேன். யாரும் இரண்டாம் முறை கேட்கவில்லை.

ஜன்னல்தான் என்னை அதிகம் அலைக்கழித்தது. நான் குறித்த இடத்தில் குறுக்காக ஒரு கம்பி ஓடியது. எக்ஸ் வடிவில் இரண்டு தூண்களுக்கு நடுவே போகும் கம்பி. தொட்டால் ஆடியது, ஒரு பாரமும் தாங்குவதாகத் தெரியவில்லை. அறுத்துவிடலாம் என்று கிரைண்டரைக் கையில் எடுத்துவிட்டேன்.

"அது சும்மா நிக்கிற மாதிரிதான் தெரியும்" என்றார் அண்ணன். "காத்து அடிக்கிற அன்னைக்கு மட்டும்தான் அதுக்கு வேலை."

ஷெட் நீளவாட்டில் சாயாமல் பிடித்துவைத்திருப்பதே அந்தக் குறுக்குக் கம்பிகள்தான். ஜன்னலை நாலடி தள்ளிவைத்தேன். ஷீட்டை வெட்டிய இடத்தைச் சுற்றிப் அண்ணன் புதுச்சட்டம் வைத்துப் பக்கத்துத் தூணோடு சேர்த்தார். வெட்டு மட்டும் நானே, அதே கிரைண்டரால். மறுநாள் காலை வெட்டிய இடத்துக்குக் கீழே ஷீட் முழுக்கப் பழுப்பு மச்சங்கள். கிரைண்டர் பொறி என்பது கொதிக்கிற இரும்புத்துகள். அது பூச்சில் பதிந்து ஒரே இரவில் துருவேறிவிட்டது. வெட்டுவாயில் பூச்சும் வெந்துபோயிருந்தது. தகரக் கத்தரியோ, தகட்டைப் பொறியில்லாமல் கொறித்து வெட்டும் நிப்ளரோ வைத்து வெட்டியிருக்க வேண்டும். இன்னொன்றும் அன்றைக்குத்தான் கற்றேன்: இடைவெளி அடைக்கும் சிலிக்கோன் பசையில் வினிகர் வாடை அடிக்கிற வகை துத்தநாகத்தை அரிக்கும். குழாயில் 'நியூட்ரல்' என்று போட்டிருப்பதைத்தான் வாங்க வேண்டும்.

அறைக்கும் ஷெட் சுவருக்கும் நடுவே ஒன்றரை அடி இருப்பதால் ஜன்னல் ஒரு குட்டிச் சுரங்கம் ஆகிவிட்டது. மரப்பலகையால் ஒரு பெட்டி செய்து அறையோடு சேர்த்தேன். ஷெட் பக்கம் மட்டும் ரப்பர் பட்டை. காற்றில் ஷெட் கொஞ்சம் அசையும், வெயிலில் நீளும். 12 மீட்டர் ஷீட் 40 டிகிரி மாற்றத்துக்கு ஆறு மில்லிமீட்டர் அளவுக்கு நீண்டு சுருங்குகிறது. அதோடு அறையை இறுகப் பிணைத்தால் ஜிப்சம் போர்டு வெடித்துவிடும். அந்த ஆழமான ஜன்னல் திட்டுதான் இன்றைக்கு அறையிலேயே நல்ல இடம். காலை நீட்டி உட்கார்ந்தால் எழுந்திருக்க மனசு வராது.

கழிப்பறைக்குத் தளத்தை உடைக்கவில்லை. பின்பக்கமாக வெளியேறும் கோப்பையை வாங்கி, குழாயைச் சுவர் வழியே சந்துக்கும் அங்கிருந்து வெளியேயும் கொண்டுபோனேன். நாலு அங்குலக் குழாய்க்கு அறுபதடிக்கு ஓரடி வாட்டம். குளிக்கும் இடத்தை மட்டும் ஒரு படி உயர்த்த வேண்டிவந்தது. இன்றும் அரைத்தூக்கத்தில் போகிறவர்கள் அந்தப் படியில் இடித்துக்கொள்கிறார்கள்.

மின்சாரத்தில் விளையாடவில்லை, தெரிந்தவரை வைத்தே செய்தேன். நான் கேட்டு வாங்கியது மூன்று: ஷெட்டின் இரும்புச் சட்டம் முழுக்க எர்த்தோடு சேர வேண்டும், அறைக்குத் தனியாக, மின்கசிவு வந்தால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி, தகடு விளிம்பைத் தாண்டும் ஒவ்வொரு ஒயரும் குழாய்க்குள். விளிம்பு கத்தி மாதிரி. ஷெட் அசைய அசைய ஒயரின் தோலை மெல்ல அறுத்துவிடும், அப்புறம் ஷெட் முழுவதும் மின்சாரம்தான்.

பட்டறைப் பக்கச் சுவருக்கு இரண்டு அடுக்கு போர்டு, கதவே கிடையாது. அறையின் வாசல் நேராக வெளியே. மரத்தூள் நெருப்புப் பிடித்தால் அதற்குள் நடந்து தப்பிக்க வேண்டிய நிலை வரக்கூடாது. ஜன்னலும் ஒரு ஆள் புகுந்து இறங்கும் அளவு. புகை அலாரம் ஒன்று உள்ளே, ஒன்று பட்டறையில். கார்பன் மோனாக்சைடுக்கு வாடையே கிடையாது என்பதால் ஜெனரேட்டரை ஷெட்டை விட்டே வெளியேற்றிவிட்டேன். அனுமதி விஷயம் சலிப்பானது, ஆனால் முதலிலேயே முடிக்க வேண்டியது. சரக்கு வைக்கக் கட்டிய கட்டடத்தில் ஆள் தூங்க ஆரம்பித்தால் காகிதத்தில் அது வேறு கட்டடம். இதை நான் கடைசியில் செய்தேன், வரைபடத்தை இரண்டு முறை திருத்தினேன்.

எல்லாம் முடிந்து ஒரு மாதம் கழித்து, சந்துக்குள் டார்ச்சோடு நுழைந்தால் ஷீட்டில் மறுபடியும் முத்து முத்தாகத் தண்ணீர். வயிற்றைக் கலக்கியது. கூரை காய்ந்திருக்கிறது, தரை காய்ந்திருக்கிறது, ஓரிடத்தில் மட்டும் ஈரம். அண்ணாந்து பார்த்தேன். குளியலறை எக்ஸாஸ்ட் ஃபேன், நேராகச் சந்துக்குள் ஊதிக்கொண்டிருந்தது. அறைக்கு வெளியே என்றால் வெளியே என்று மாட்டியவர் நினைத்திருக்கிறார், நானும் கவனிக்கவில்லை. இரண்டடிக் குழாய் ஒன்றை மாட்டி ஷெட்டுக்கு வெளியே நீட்டியதும் ஒரு வாரத்தில் காய்ந்தது. மூன்று அங்குலச் சந்தாக இருந்திருந்தால் இதை அடுத்த வருஷம் ஓட்டை விழுந்த பிறகு பார்த்திருப்பேன். அண்ணனிடம் சொன்னேன். "அந்த 47 சதுர அடி உனக்கு வாடகை குடுத்துருச்சு போ" என்றார்.

மழை வந்தால் பட்டறையில் பேசுவது காதில் விழாது. அறைக்குள் அது பக்கத்து வீட்டில் யாரோ பேசிக்கொண்டிருக்கிற மாதிரி கேட்கிறது. சத்தம் இன்னும் குறையும்படி செய்திருக்கலாம், எனக்கு இது போதும்.

மாதம் ஒரு தடவை சந்துக்குள் போய் வருகிறேன். தெர்மாகோல் காலத்துப் பழுப்புப் புள்ளிகள் மேலே கூரையில் இருக்கின்றன; சுரண்டித் துத்தநாகப் பெயின்ட் அடித்தாயிற்று. கீழே ஜன்னலுக்கடியில் கிரைண்டர் மச்சங்கள். பெரிய ஐந்தைச் சுற்றி சாக்பீஸால் வட்டம் போட்டுப் பக்கத்தில் தேதி எழுதி வைத்திருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தபோது நாலு வட்டத்துக்குள்ளேயே இருந்தன. ஐந்தாவதின் கோட்டை ஒரு பல்லி வாலால் அழித்திருந்தது. மறுபடி போட்டுவிட்டு வந்தேன்.